பழைய கேம் பெட்டியை ஏன் இன்னும் தேடி வாங்குகிறார்கள்?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "அக்கா மகன் பத்தாவது முடிக்கிறான். கேம் கன்சோல் வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டேன். பிளேஸ்டேஷன் 5, அதாவது பிஎஸ் 5 வேண்டாம் மாமா, செகண்ட் ஹேண்டில் பிஎஸ் 4 போதும், மீதிக் காசில் ஒரு பிஎஸ் 2 எடுத்துக்கொள்கிறேன் என்கிறான். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் வந்த பெட்டிக்கு இன்னுமா ஆள் இருக்கிறது? காசு இல்லாமல் வாங்குகிறார்களா, பழைய ஞாபகத்தில் வாங்குகிறார்களா? வாங்கிக் கொடுக்கலாமா?"

நான் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் டிவியும் கேம் பெட்டியும் சர்வீஸ் செய்கிறவன். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: தாராளமாக வாங்கிக் கொடுங்கள், பையன் விவரமாகத்தான் கேட்கிறான். எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பழைய ஞாபகம் என்ற காரணம் உங்கள் அக்கா மகனிடமே செல்லாது. சோனி பிஎஸ் 2 தயாரிப்பை நிறுத்தியது 2013 தொடக்கத்தில். அப்போது அவனுக்கு இரண்டோ மூன்றோ வயது இருந்திருக்கும். அவனுக்கு அதில் என்ன ஞாபகம்? என் கடைக்கு பிஎஸ் 2 தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் முப்பது வயதைத் தாண்டிய ஆள்கள் உண்டு, பழசை நினைத்துப் பெருமூச்சு விடுகிறவர்கள் உண்டு. ஆனால் மீசை முளைக்காத பையன்களும் வருகிறார்கள். காசு என்ற காரணமும் பாதிதான் சரி. காசு மட்டும்தான் கணக்கு என்றால் கையில் இருக்கிற போன் போதும். அதில் இலவசமாகவே கேம் கிடைக்கிறது. அதை விட்டுவிட்டு ஒருவன் காயலான் கடைக்குப் போக வேண்டிய பெட்டியைத் தேடி அலைகிறான் என்றால் அதில் வேறு ஏதோ கிடைக்கிறது.

எனக்குப் புரிந்த வரையில் அது இதுதான். பழைய கன்சோலை விட்டு அதைச் செய்த கம்பெனி கையை எடுத்துவிட்டது. இனி அதில் எதுவும் மாறப்போவதில்லை, யாரும் எதையும் திரும்பப் பிடுங்கப்போவதும் இல்லை. அதில் என்ன ஓடும், எது கெட்டுப்போகும், கெட்டால் எப்படிச் சரிசெய்வது என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பெட்டி முழுக்க வாங்கினவன் சொத்தாகிவிட்டது. புதுப் பெட்டியில் நாம் காசு கொடுத்தாலும் பாதி சாவி கம்பெனியிடமே இருக்கிறது.

முதலில் விலையைப் பார்த்துவிடலாம். பிஎஸ் 4 இந்தியாவுக்கு 2014 ஜனவரியில் 39,990 ரூபாய்க்கு வந்தது. பிஎஸ் 5 வந்தது 2021 பிப்ரவரியில், டிஸ்க் போடுகிற மாடல் 49,990. அடுத்த வருஷம் நவம்பரில் அதையே 54,990 ஆக்கினார்கள். வழக்கமாக எலெக்ட்ரானிக் சாமான் நாளாக ஆக விலை இறங்கும், இது ஏறியது. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது கன்சோலை 28 சதவீத அடுக்கில் கொண்டுபோய் வைத்ததும் சேர்ந்துகொண்டது. இந்தக் கதை நமக்கு மட்டும் இல்லை. பிரேசிலிலும் இறக்குமதி வரி கடுமை. அங்கே டெக்டாய் என்ற உள்ளூர்க் கம்பெனி 1989-இல் கொண்டுவந்த, ஜப்பானின் சேகா கம்பெனியுடைய மாஸ்டர் சிஸ்டம் என்ற பெட்டியை, சேகாவே கன்சோல் தொழிலை விட்ட பிறகும் விற்றுக்கொண்டிருந்தது.

பெட்டி விலையோடு செலவு முடிவதும் இல்லை. கன்சோல் கம்பெனிகள் பெட்டியில் பெரிதாக லாபம் வைப்பதில்லை, சில சமயம் நஷ்டத்துக்கே விற்கும். சம்பாதிப்பதெல்லாம் கேமில்தான். பிஎஸ் 5-க்கு ஒரு புது டிஸ்க் ஐயாயிரம் ரூபாயைத் தொடும். பெரும்பாலான கேமில் நெட்டில் சேர்ந்து ஆட வேண்டுமென்றால் சந்தா தனி. தாமதமாக வருகிறவனுக்கு இதில்தான் ஆதாயம். பெட்டி மலிந்திருக்கும். அதற்கு வந்த கேமெல்லாம் வந்து முடிந்து, எது நல்லது எது குப்பை என்று சலித்து எடுக்கப்பட்டிருக்கும். பிஎஸ் 2-க்கு வந்தவை நாலாயிரத்தை ஒட்டி. அதில் நல்லதாக ஐம்பது பொறுக்கினாலே ஒரு பையன் காலேஜ் முடிக்கும் வரைக்கும் காணும்.

பிஎஸ் 2 ஜப்பானில் வெளியானது 2000 மார்ச் 4. மொத்தம் 15.5 கோடிக்கு மேல் விற்றது. வீட்டு டிவியில் வைத்து ஆடுகிற பெட்டிகளில் இதைத் தாண்டி விற்றது எதுவும் இல்லை. பிஎஸ் 3 வந்த பிறகும் அதற்குப் பெரிய கேம்கள் வந்துகொண்டே இருந்தன. காட் ஆஃப் வார் 2 வந்தது 2007-இல். ஃபிஃபா 14 கூட 2013-இல் பிஎஸ் 2 டிஸ்க்காக வந்தது. நம் நாட்டுக் கணக்கு இன்னும் வேடிக்கை. இந்தியாவிலேயே உருவாக்கிய 'ஹனுமான்: பாய் வாரியர்' பிஎஸ் 2-க்கு வந்தது 2009-இல், ரா.ஒன் படத்தை ஒட்டிய கேம் 2011-இல். ஜப்பானில் கிழவனாகிவிட்ட பெட்டி இங்கே அப்போதுதான் வயசுக்கு வந்திருந்தது. அமெரிக்கக் காலண்டரை வைத்துக்கொண்டு 2000-இல் வந்த பெட்டி என்று சொன்னால் நம் ஊருக்குக் கணக்கு உதைக்கும்.

அது நம் பக்கம் பரவியதற்கு டிவியும் ஒரு காரணம். இதை யாரும் பெரிதாகப் பேசி நான் கேட்டதில்லை. 2006 செப்டம்பரில் தமிழக அரசு இலவச கலர் டிவி கொடுக்க ஆரம்பித்தது. 2011 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் கொடுத்தார்கள். 14 அங்குலப் பெட்டி, குழாய் டிவி. கடலூர் மாவட்டத்தில் குடிசை வீட்டில்கூட ஒன்று இருந்தது. பாகூர்ப் பக்கம் போனால் புதுச்சேரி ஊரும் கடலூர் ஊரும் பின்னிக்கொண்டு கிடக்கும். அந்த ஊர்களில் எல்லைக்கு இந்தப் பக்கம் பெட்டி, அந்தப் பக்கம் டிவி என்று சேர்ந்து ஆடினார்கள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று வயரைச் சொருகினால் போதும். வீட்டில் ஏற்கெனவே இருக்கிற டிவியில் ஓடுகிற பெட்டிக்கும், 4கே என்கிற மிகத் துல்லியமான படம் காட்டுகிற டிவி இருந்தால்தான் அருமை தெரியும் என்கிற பெட்டிக்கும் எவ்வளவு தூரம், பாருங்கள்.

குழாய் டிவியில் மட்டுமே ஓடுகிற சங்கதியும் உண்டு. 90களில் இங்கே கேசட் போடுகிற டிவி கேம் நிறைய வந்தது. பெரும்பாலும் நின்டெண்டோ 1983-இல் ஜப்பானில் விட்ட ஃபேமிகாமின் நகல்கள். அதில் வாத்து சுடுகிற கேம் ஒன்று துப்பாக்கியோடு வரும். துப்பாக்கியிலிருந்து டிவிக்கு ஏதோ போகிறது என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நடப்பது தலைகீழ். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக் கறுப்பாகி, வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கி முனையில் இருக்கிற ஒளி உணரி அந்த வெள்ளையைப் பார்த்ததா இல்லையா என்பதுதான் கணக்கு. குழாய் டிவி அந்தக் கட்டத்தை உடனுக்குடன் வரைந்துவிடும். எல்.ஈ.டி. டிவி படத்தை வாங்கி, பதப்படுத்தி, கொஞ்சம் தாமதித்துக் காட்டும், அதற்குள் துப்பாக்கி கண்ணை மூடிவிடும். அதனால்தான் பழைய டிவியைக் காயலான் கடைக்குப் போடாமல் மாடியில் வைத்திருக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். என்னிடமும் ஒன்று இருக்கிறது, யார் கேட்டும் கொடுக்கவில்லை.

அடுத்தது புதுச்சேரிக்கே உரிய ஒரு விஷயம். இங்கே பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் நிறைய. சொல்தா வீடுகள் என்போம், அந்தக் காலத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போனவர்களின் வாரிசுகள். பாரீஸில் இருக்கிற மாமா லீவுக்கு வரும்போது பெட்டியும் டிஸ்க்கும் கொண்டுவருவார். கடலூர்ப் பக்கத்தில் சிங்கப்பூர்ச் சித்தப்பா கொண்டுவருவார். பிஎஸ் 2-இல் பிராந்தியப் பூட்டு உண்டு, அதாவது ஒரு பிரிவுக்கு விட்ட டிஸ்க் அதே பிரிவுப் பெட்டியில்தான் ஓடும். ஐரோப்பாவும் இந்தியாவும் ஒரே பி.ஏ.எல். (PAL) பிரிவு. சிங்கப்பூர் ஜப்பானோடு சேர்ந்த பிரிவு. ஆக, பாரீஸ் மாமாவின் டிஸ்க் நேரு வீதியில் வாங்கிய பெட்டியில் ஓடும். சிங்கப்பூர்ச் சித்தப்பா ஆசையாக வாங்கிவந்த டிஸ்க் ஓடாது. அதை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்து "லென்ஸ் போயிடுச்சா ணா?" என்பார்கள். லென்ஸில் ஒன்றும் இருக்காது. டிஸ்க்கின் மேல் அச்சிட்ட குறியீடு எஸ்.எல்.இ.எஸ். என்றோ எஸ்.சி.இ.எஸ். என்றோ ஆரம்பித்தால் ஐரோப்பியச் சரக்கு. எஸ்.எல்.யூ.எஸ். என்றால் அமெரிக்கா. இந்த மூன்றாவது எழுத்தைப் பார்க்கத் தெரிந்துகொண்ட பையன்கள் டிஸ்க் மாற்றிக்கொள்வதில் பெரிய வியாபாரி ஆனார்கள். பாஷைதான் சிரமம். சில டிஸ்க்கில் வசனம் முழுக்க பிரெஞ்சு. ஸ்கூலில் பிரெஞ்சு எடுத்த பிள்ளைகளுக்கு அன்று தனி மரியாதை.

அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டிகளின் கதை சோகம். பழைய குண்டு பிஎஸ் 2-இன் பின்பக்கம் 120 வோல்ட் என்று போட்டிருக்கும். அதைப் பார்க்காமல் நம் 230 வோல்ட்டில் சொருகினால் பவர் சப்ளை அப்போதே அவுட். பிரான்ஸ் பெட்டிக்கு அந்தத் தொல்லை இல்லை, பிளக் முனையை மட்டும் மாற்றினால் போதும்.

அப்புறம் கிரிக்கெட். ஈஏ ஸ்போர்ட்ஸ் கம்பெனி 2006 நவம்பரில் கிரிக்கெட் 07 விட்டது. அதற்குப் பிறகு அவர்கள் கிரிக்கெட் பக்கமே வரவில்லை. கால்பந்துக்கு வருஷா வருஷம் புதுசு விடுகிற கம்பெனி, நூறு கோடிப் பேர் பார்க்கிற விளையாட்டைக் கைகழுவிவிட்டது. ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் மட்டும் உரிமம் வாங்கியிருந்ததால் நம் வீரர்கள் பெயரையெல்லாம் திரித்துப் போட்டிருப்பார்கள். அதையும் பொருட்படுத்தாமல் இன்றைக்கும் ஆடுகிறார்கள். பின்னால் வந்த கிரிக்கெட் கேம்கள் பார்க்க அழகு, ஆனால் பொத்தான் பாடம் படிக்கவே ஒரு வாரம் ஆகும். கிரிக்கெட் 07-ஐ விருந்தாளி வீட்டுப் பையன் வந்து உட்கார்ந்த அஞ்சாவது நிமிஷத்தில் சிக்ஸ் அடிப்பான். மல்யுத்தப் பைத்தியங்களுக்கு 2003-இல் வந்த 'ஹியர் கம்ஸ் த பெயின்'. அது பிஎஸ் 2 தவிர வேறு எந்தப் பெட்டிக்கும் வரவில்லை. இந்த இரண்டுக்காக மட்டுமே பெட்டி வாங்குகிறவர்களை எனக்குத் தெரியும்.

இனி, சாவி கம்பெனியிடம் இருக்கிறது என்றேனே, அதற்கு வருகிறேன். பிஎஸ் 2-வையும் பிஎஸ் 4-வையும் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே வட்ட பேட்டரி இருக்கும், சிஆர் 2032, பெட்டிக்கடையில்கூடக் கிடைக்கும். கடிகாரம் ஓடுவதற்கு அது. பிஎஸ் 2-இல் அது செத்தால் தேதி தப்பாகக் காட்டும், அவ்வளவுதான். கேம் பாட்டுக்கு ஓடும். பிஎஸ் 4-இல் அது செத்து, அந்த நேரத்தில் சோனியின் சர்வரும் கிடைக்கவில்லை என்றால், காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்கைப் போட்டாலும் ஓடாது. 2021-இல் இதை ஆள்கள் கண்டுபிடித்துக் கத்திய பிறகு, அந்த வருஷம் செப்டம்பரில் வந்த 9.00 அப்டேட்டில்தான் சரியானது. செகண்ட் ஹேண்ட் பிஎஸ் 4 வாங்கினால் முதல் வேலையாக அந்த அப்டேட் ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது இதனால்தான்.

இது மட்டுமா? யுபிசாஃப்ட்டின் 'த க்ரூ' என்ற கார் கேம் 2014-இல் வந்தது. 2024 மார்ச் 31-இல் சர்வரை அணைத்தார்கள். தனியாக ஆடுகிற பகுதிகூட ஓடாது. டிஸ்க் கையில் இருக்கிறது, தட்டாக வைத்துக்கொள்ளலாம். எக்ஸ்பாக்ஸ் 360 என்ற தன் கன்சோலுக்கான நெட் கடையை மைக்ரோசாஃப்ட் 2024 ஜூலையில் மூடியது. பிஎஸ் 3 கடையை மூடப்போவதாக சோனி 2021-இல் அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் அடுத்த மாதமே பின்வாங்கியது. அதே வருஷம் நவம்பரில் ஜி.டி.ஏ. என்ற பிரபலமான கேமின் பழைய மூன்று பாகங்களைப் புதுப்பித்து விட்டபோது, பழைய பதிப்புகளை நெட் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். புதுப் பதிப்பின் லட்சணத்தைப் பார்த்து ஊரே சிரித்த பிறகு கணினிக்கு மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். 2004-இல் அந்த மூன்றில் ஒன்றான சான் ஆண்ட்ரியாஸின் பிஎஸ் 2 டிஸ்க் வாங்கி வைத்தவனுக்கு இந்த அமளி எதுவும் தெரியாது. அவன் டிஸ்க்கைப் போட்டான், ஆடினான்.

டவுன்லோடு இன்னொரு தலைவலி. பிஎஸ் 4 காலத்துப் பெரிய கேம்கள் நூறு ஜிபியைத் தொடும். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 இரண்டு டிஸ்க்கில் வந்து, இறக்கிவைக்கவே அவ்வளவு இடம் கேட்டது. வீட்டில் ஃபைபர் இருந்தால் கவலையில்லை. வில்லியனூரைத் தாண்டி உள்ளே ஒரு ஊரில் போன் டேட்டாவை வைத்து ஓட்டுகிறவனுக்கு நாளைக்கு 2 ஜிபி. ஒரு கேம் இறங்க ஐம்பது நாள், அதுவும் வேறு எதற்கும் நெட்டைத் தொடாமல் இருந்தால். பிஎஸ் 2 டிஸ்க் மிஞ்சிப் போனால் எட்டரை ஜிபி. அதையும் எங்கும் இறக்க வேண்டியதில்லை, டிஸ்க்கிலிருந்தே ஓடும்.

கரண்ட் விஷயமும் உண்டு. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் கரையைக் கடந்தது. கடலூர்க் கிராமங்களில் பல வாரம் இருட்டு. அந்த வருஷமும் அடுத்த வருஷமும் தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு வேறு. மெலிந்த பிஎஸ் 2-இன் அடாப்டரில் 8.5 வோல்ட், 5.65 ஆம்பியர் என்று போட்டிருக்கும். ஐம்பது வாட்டுக்குள் அடங்குகிற பெட்டி, சின்ன இன்வெர்ட்டரே தாங்கும். திடீரென்று கரண்ட் போனாலும் மெமரி கார்டில் சேமித்துக்கொண்டிருந்த நேரமாக இல்லாத வரை ஒன்றும் ஆகாது. பிஎஸ் 4 அப்படி அணைந்தால் திரும்பப் போடும்போது ஹார்டு டிஸ்க்கைச் சோதிக்கிறேன் என்று உட்கார்ந்துகொள்ளும். பத்து தடவை அப்படி ஆனால் ஹார்டு டிஸ்க்குக்கு நல்லதில்லை.

ரிப்பேர்தான் என் பிழைப்பு என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கடற்கரை ஊரில் எலெக்ட்ரானிக் சாமானுக்கு முதல் எதிரி உப்புக் காற்று. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் பக்கத்திலிருந்து வருகிற பெட்டியைத் திறந்தால் திருகெல்லாம் துரு, உள்ளே இருக்கிற தகடு பூத்திருக்கும். பிஎஸ் 2-இல் பெரும்பாலும் மூன்றே புகார்: டிஸ்க் படிக்கவில்லை, ஜாய்ஸ்டிக் சொருகுகிற இடம் சரியில்லை, டிஸ்க் தட்டு வெளியே வரவில்லை. மூன்றுக்கும் சாமான் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். லென்ஸ் மாற்றுவது அரை மணி வேலை. இத்தனை வருஷத்தில் இந்தப் பெட்டியின் குணம் ஊரில் நாலு பேருக்காவது அத்துபடி. பிஎஸ் 5 வந்தால் நிலைமை வேறு. முதலில் வந்த மாடலில் டிஸ்க் டிரைவை அதன் மதர்போர்டோடு ஜோடி சேர்த்து வைத்திருக்கிறார்கள். வேறு பெட்டியிலிருந்து டிரைவைக் கழற்றிப் போட்டால் ஏற்காது. நான் எவ்வளவு நன்றாக சால்டரிங் செய்தாலும் பிரயோசனம் இல்லை.

பிஎஸ் 4-இல் நம் ஊருக்கென்று ஒரு விசேஷப் புகார் உண்டு: கரப்பான். பவர் சப்ளை பெட்டிக்குள்ளேயே இருப்பதால் எப்போதும் வெதுவெதுப்பு, காற்றுத் துளைகளும் அகலம். டிவி ஸ்டாண்டுக்குள் வைத்தால் குடும்பத்தோடு குடியேறிவிடும். ஃபேன் சத்தம் கேட்கிறது என்று கொண்டுவருவார்கள், திறந்தால் ஊர்வலம். இதை வெளிநாட்டு ரிப்பேர்க்காரர்களும் சொல்லியிருக்கிறார்கள், நம் வீட்டுச் சுத்தத்தைச் சந்தேகப்பட வேண்டாம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழையில் ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கம் தண்ணீர் புகுந்தபோது இரண்டு வகைப் பெட்டிகளும் நனைந்து வந்தன. அதில் பிஎஸ் 2-வைக் கழுவி, காயவைத்து, லென்ஸ் மாற்றினால் பாதிக்கு மேல் எழுந்துவிடும். ஹார்டு டிஸ்க் உள்ள பெட்டிகளில் பெட்டி பிழைத்தாலும் உள்ளே இருந்தது போனது போனதுதான்.

இதற்குள் ஒரு பொறியியல் உண்மையும் இருக்கிறது. புதிதாக வந்த சிப் எப்போது சூடாகும், எது விரிசல் விடும் என்று செய்தவர்களுக்கே சரியாகத் தெரியாது. எக்ஸ்பாக்ஸ் 360 வந்த புதிதில் சிவப்பு விளக்கு எரிந்து செத்துக்கொண்டே இருந்ததில், 2007-இல் மைக்ரோசாஃப்ட் வாரண்டியை மூன்று வருஷமாக்கி, அதற்கென்று நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்க வேண்டியதாயிற்று. நின்டெண்டோவில் கையில் வைத்து ஆடுகிற கேம் பாயை உருவாக்கிய குன்பெய் யோகோய் இதைத் தலைகீழாகச் செய்தார். எல்லோரும் பழகி, விலை இறங்கிவிட்ட பழைய சாமானை எடுத்துப் புது விதமாகப் பயன்படுத்து என்பது அவர் கொள்கை. 1989-இல் வந்த கேம் பாயில் கலர் கிடையாது, திரைக்குப் பின்னால் விளக்கும் கிடையாது. நாலு பேட்டரியில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது. அடுத்த வருஷம் சேகா விட்ட கேம் கியரில் கலர் இருந்தது. ஆறு பேட்டரி போட்டு, சில மணி நேரத்தில் முடிந்துவிடும். கேம் பாய், அதன் கலர் மாடலையும் சேர்த்து, 11.8 கோடி விற்றது. கேம் கியர் ஒரு கோடியைச் சற்றுத் தாண்டியது. தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் எழுதுகிற விமர்சனத்தில் ஜெயித்தது எது என்று கேட்காதீர்கள்.

கடைசியாக, கைமாற்று. 2013 ஜூனில் மைக்ரோசாஃப்ட் தன் புதுப் பெட்டியில் பழைய டிஸ்க்கைக் கைமாற்றக் கட்டுப்பாடு வைக்கப்போவதாகவும், நாளுக்கு ஒரு தடவை நெட்டில் சரிபார்க்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தது. சோனி அதற்குப் பதிலாகச் சில விநாடி வீடியோ ஒன்று விட்டது. பிஎஸ் 4 டிஸ்க்கை எப்படிப் பகிர்வது என்று தலைப்பு. ஒருவர் டிஸ்க்கை எடுத்து இன்னொருவர் கையில் கொடுக்கிறார், அவர் நன்றி சொல்லி வாங்கிக்கொள்கிறார். அவ்வளவுதான் வீடியோ. அந்த மாதமே மைக்ரோசாஃப்ட் திட்டத்தைக் கைவிட்டது. நம் பையன்களுக்கு இதை யாரும் வீடியோ போட்டுச் சொல்ல வேண்டியதில்லை. லாஸ்பேட்டையில் ஒரே தெருவில் நாலு பெட்டி இருந்தால் டிஸ்க் நாற்பது இருக்கும், எது யாருடையது என்று யாருக்கும் தெரியாது. பழைய கேம்கள் ஒரே டிவி முன்னால் இரண்டு ஜாய்ஸ்டிக்கோடு உட்கார்ந்து ஆடச் செய்தவை. புதுக் கேம்களில் பாதிக்கு மேல் ஆளுக்கொரு வீட்டில், ஆளுக்கொரு பெட்டியோடு ஆடச் சொல்கின்றன. தோற்றவன் முதுகில் ஒரு அடி போட முடியாத கேம் என்ன கேம் என்று கேட்கிற வயசு பத்தாவது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தப் பரவலில் பெரும்பங்கு திருட்டு டிஸ்க்குக்கு உண்டு. பர்மா பஜாரிலிருந்து மூட்டையாக வந்தது, பெட்டிக்குள் பூட்டை ஏமாற்றுகிற மாட் சிப் வைத்து ஓட்டினார்கள். இன்றைக்கு மெமரி கார்டில் ஒரு மென்பொருளை ஏற்றி, பென் டிரைவிலிருந்தோ ஹார்டு டிஸ்க்கிலிருந்தோ ஓட்டுகிறார்கள். சட்டப்படி தப்புதான். ஆனால் கடையில் புது டிஸ்க்கே கிடைக்காத பெட்டிக்கு இதைச் செய்கிறவனைப் பார்த்தும், போன மாதம் வந்த கேமைத் திருடுகிறவனைப் பார்த்தும் எனக்கு ஒரே கோபம் வருவதில்லை. நான் அந்த வேலை செய்து தருவதில்லை, லென்ஸ் மாற்றுவதோடு சரி.

சரி, என்ன வாங்குவது? பையன் சொன்னபடி பிஎஸ் 4, அதில் ஸ்லிம் மாடல். இன்னும் அதற்குப் புதுக் கேம்கள் வந்துகொண்டிருக்கின்றன. காட் ஆஃப் வார் ராக்னராக் வரைக்கும் அதில் ஓடும். ஜி.டி.ஏ. 6 மட்டும் ஓடாது, அது பிஎஸ் 5-க்கும் புது எக்ஸ்பாக்ஸுக்கும்தான் அறிவித்திருக்கிறார்கள். அதற்காகத்தான் கேட்கிறான் என்றால் இவ்வளவு நேரம் நான் சொன்னதை விட்டுவிடுங்கள், புதுசுக்குப் பணம் சேர்க்கச் சொல்லுங்கள். குண்டு பிஎஸ் 3-யும், முதல் காலத்து எக்ஸ்பாக்ஸ் 360-யும் யார் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். சூட்டில் சிப் இணைப்பு விட்டுப்போகிற நோய் இரண்டுக்கும் உண்டு, சரிசெய்தாலும் திரும்ப வரும். பத்தாயிரம் கேம் இருக்கிறது என்று குச்சி மாதிரி டிவியில் சொருகுகிற சீன சாமான் ஒன்று வருகிறது, அதுவும் வேண்டாம். பொத்தானை அமுக்கி மூச்சு விட்ட பிறகுதான் மரியோ குதிப்பான். பிஎஸ் 1 உருவத்தில் பாலிஸ்டேஷன் என்று ஒன்று சுற்றும். திறந்தால் உள்ளே தார்ச் சொட்டு போல ஒரே ஒரு கறுப்பு சிப், பழைய ஃபேமிகாம் நகல்.

காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பிஎஸ் 2 பார்த்தால், ஒரு டிஸ்க் ஓடுவதைக் காட்டினார்கள் என்று நம்பிவிடாதீர்கள். லென்ஸ் பக்கத்தில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு திருகு உண்டு, லேசரின் பலத்தைக் கூட்டுவது. சாகப்போகிற லென்ஸையும் அதைத் திருகினால் கொஞ்ச நாள் படிக்கவைக்கலாம். விற்கிறவர்களுக்கு இது தெரியும். அதனால் நீலப் பின்புறம் உள்ள டிஸ்க் ஒன்று, வெள்ளிப் பின்புறம் உள்ளது ஒன்று என்று இரண்டையும் கையோடு கொண்டுபோய் ஓட்டிப் பாருங்கள். நீலம் சிடி, வெள்ளி டிவிடி. லேசர் இரண்டுக்கும் வேறு வேறு என்பதால் ஒன்றில் ஓடி மற்றதில் திணறும். பெட்டியை இருபது நிமிஷமாவது ஓடவிட்டு அப்புறம் டிஸ்க்கை மாற்றுங்கள். வீட்டில் புது டிவி என்றால் மஞ்சள் வயர் சொருகுகிற துளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் சின்ன மாற்றுப்பெட்டி ஒன்று வாங்க வேண்டும், படம் தாமதிப்பது குறைய டிவி செட்டிங்கில் கேம் மோடையும் போடுங்கள். பிஎஸ் 4-இல் எச்டிஎம்ஐ துளையை டார்ச் அடித்துப் பாருங்கள், உள்ளே முள் வளைந்திருந்தால் விட்டுவிடுங்கள். ஜாய்ஸ்டிக்கைத் தொடாமல் மேசையில் வைத்தால் திரையில் ஆள் தானாக நடக்கக் கூடாது. கடலூரிலிருந்து வருவதானால் காலையிலேயே பஸ் ஏறிவிடுங்கள், நல்ல பெட்டி பத்து மணிக்கு மேல் சந்தையில் நிற்காது.